இரண்டாவது பை

வெள்ளைச் சட்டையைத் தேடி அலமாரியின் அடித்தட்டில் கைவிட்டவள், கனமான துணிச்சுருள் ஒன்றை இழுத்தாள். கூடவே இன்னொன்றும் உருண்டு வந்து காலில் விழுந்தது. முன்கூடத்தில் அவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றுக் காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இன்று நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

"இதெல்லாம் என்னம்மா?" என்றாள் மகள்.

"உங்கப்பாவோட மலைச் சாமான்."

லிஃப்ட் ஆபரேட்டராக முப்பத்தோரு வருஷம் உள்ளே நின்றபடியே ஏறி இறங்கியவர், ஓய்வு பெற்றதும் சொந்தக் காலில் ஏறிப் பார்க்க ஆசைப்பட்டார். இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் மலையேற்றப் பயிற்சி. முடிச்சுப் போட, அடுப்பு மூட்ட, கூடாரம் அடிக்க, உள்ளே புகுந்து தூங்கும் பையைத் தன் கையாலேயே தைக்க, எல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். தையல்காரியைக் கட்டிக்கொண்ட மனுஷன் தையல் படிக்க வெளியே போனார். ஒரு சந்தேகம்கூட அவளிடம் கேட்டதில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் பையை விரித்தாள். அவர் உயரம். தையல் குடிகாரன் நடையாகப் போயிருந்தது. பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவதில் கை தேறியிருந்தது. ஆனால் பை குட்டை.

"இது யாருக்குடி?"

"கூட வர்றவங்க யாருக்காவது இருக்கும்மா. சட்டையைத் தேடு, நேரமாகுது."

யார் அந்தக் கூட வருகிற ஆள்? ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை அவளையும் கூப்பிட்டார். மறுத்துவிட்டாள். அப்புறம் கூப்பிடவே இல்லை. விட்டது தொல்லை என்று இருந்துவிட்டாரோ என்று ஞாயிறுதோறும் நினைத்திருக்கிறாள்.

இஞ்ச் டேப்பை எடுத்தாள். தோள் அளவு ஒழுங்காகத்தான் இருந்தது. இடுப்புக்குக் கீழேதான் வெட்டு கெட்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் ஒரு முழம் புடைத்து நின்றது. இரண்டு தடவை பிரித்துத் தைத்த தடம் வேறு. கை தவறி வந்த பிழை இல்லை, வேண்டுமென்றே விட்ட துணி.

"எந்த ஊர் உடம்பு இது?" என்று முணுமுணுத்தாள்.

மகள் ஒருவழியாகச் சட்டையைக் கண்டெடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அன்றைக்கு என்ன சொல்லி மறுத்தோம் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "முட்டியை மடக்காம எனக்குத் தூக்கம் வராது. உங்க மூட்டைக்குள்ள விறைச்சுப் படுக்க என்னால ஆகாதுங்க." அவர் சரி என்று மட்டும் சொன்னார்.

கதவைச் சாத்தினாள். பையைத் தரையில் விரித்து உள்ளே புகுந்து, தினமும் படுக்கிற பக்கமாக ஒருக்களித்து, முட்டியை மடக்கினாள். துணி எங்கேயும் இழுக்கவில்லை.

"அம்மா, ஆளுங்க வந்துட்டாங்க."

"அஞ்சு நிமிஷம் இருக்கச் சொல்லு," என்று ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினாள்.