லேபலில் உள்ள பெயர்

கொராதோ அந்த வீட்டுக்கு வந்தால் முதலில் அத்தையைப் பார்ப்பதில்லை. சுவர்களைத்தான் பார்ப்பான். போன மாதம் அளவுநாடாவோடு வந்து படுக்கையறையின் நீளத்தை அளந்தான். கேட்டதற்கு, அத்தைக்குப் புதுக் கட்டில் வாங்கப்போகிறேன் என்றான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். கட்டில் இன்றுவரை வரவில்லை.

அத்தையின் பெயர் யோலந்தா. பலெர்மோவின் கபோ சந்தைக்கு மேலே நான்காம் மாடியில் தனியாக இருக்கிறார். மன்னாரிலிருந்து வந்த சறோஜா பகல் முழுக்க அவரைப் பார்த்துக்கொள்கிறாள். இருவரும் கதைப்பது இத்தாலியனில்; சறோஜா அவரை சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவாள்.

சிஞ்ஞோராவுக்கு ஒரே ஒரு பைத்தியம், புக்கனேவே. பனியைத் துளைத்துக்கொண்டு எழும்பும் சின்ன வெள்ளைப் பூ, ஆங்கிலத்தில் ஸ்னோட்ரொப். பனியே விழாத பலெர்மோவில் பனிப் பூ வளர்ப்பதென்றால் சும்மாவா? வெயில் எட்டிப் பார்க்காத பின்பக்க பல்கணியில் சட்டிகள். கிழங்குகளுக்குக் குளிர் காட்டுவதற்கென்றே தனியாக ஒரு பிரிட்ஜ். அதற்குள் பால் போத்தல் ஒன்றை வைத்ததற்காக சறோஜா ஒரு கிழமை ஏச்சு வாங்கியிருக்கிறாள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும்.

சறோஜாவின் கண்ணுக்கு எல்லாம் ஒரே பூதான். வெள்ளை, தொங்கிய தலை, வெளியே மூன்று இதழ், உள்ளே மூன்று. சிஞ்ஞோராவோ ஒவ்வொரு பூவின் தாடையையும் ஒரு விரலால் நிமிர்த்தி, உள்ளிதழில் உள்ள பச்சைக் குறியைப் பார்ப்பார். ஒன்றில் இரண்டு பொட்டு, ஒன்றில் சிலுவை, இன்னொன்றில் கவிழ்ந்த படகு. பார்த்ததும் பெயர் வரும். சறோஜாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, வெண்டீஸ் கோல்ட். மற்றப் பூக்களில் இதழுக்கு மேலே உள்ள முடிச்சு பச்சையாக இருக்கும், இதில் மஞ்சள். சிஞ்ஞோராவின் செல்லமும் அதுதான்.

இந்தக் குளிர்காலம் அவர் இரண்டு தரம் காஸ் அடுப்பை அணைக்காமல் விட்டார். செத்துப்போன புருசனுக்குச் சாப்பாடு வைத்தாயா என்று ஒருநாள் கேட்டார். கொராதோ அவரை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அத்தைக்கு நினைவு தப்பிவிட்டது என்று அந்த டொக்டர் எழுதினால், கோர்ட் எல்லாப் பொறுப்பையும் அவன் கையில் கொடுக்கும். நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் கட்டிலுக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டான். அங்கே சட்டி வைக்க இடமில்லை என்பதையும் விசாரித்து வைத்திருந்தான்.

டொக்டர் இன்று என்ன கிழமை என்று கேட்டபோது சிஞ்ஞோரா சீறினார்.

“கிழமை ஆருக்கு வேணும்? வீட்டை வந்து என்ரை பூக்களின்ரை பேரைக் கேளுங்கோ. ஒண்டு பிழைச்சாலும் நானே பெட்டியைக் கட்டுறன்.”

டொக்டர் சிரிக்கவில்லை. நல்ல மனுசி. பூக்கட்டும், வருகிறேன் என்றார்.

அவர் வருவதற்கு முதல் நாள் கொராதோ வந்து, பல்கணிக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் நின்றான். படம் எடுக்கிறானாம். அத்தையின் பூவை அவன் அதற்கு முன் ஒருநாளும் படம் எடுத்ததில்லை. 

மறுநாள் காலை அவள் தண்ணீர் ஊற்றப் போனாள். மஞ்சள் முடிச்சுப் பூவின் சட்டியில் ‘மேக்னெட்’ என்ற லேபல் குத்தியிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். ‘வெண்டீஸ் கோல்ட்’ அந்தப் பக்கம் ஒரு பச்சை முடிச்சின் காலடியில் நின்றது. மற்றவையும் இடம் மாறியிருக்கும், ஆனால் எது எங்கே என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சிஞ்ஞோராவைக் கூப்பிட வாயெடுத்தாள். அழைப்புமணி அடித்தது.

கொராதோவும் டொக்டரும் முன்னறையில், பல்கணிக்குப் போகும் வழியிலேயே உட்கார்ந்தார்கள்; இனி சிஞ்ஞோராவை முதலில் அங்கே கூட்டிப்போய்க் காட்ட முடியாது. சறோஜா குசினிக்குள் போய்க் கோப்பியை அடுப்பில் வைத்துவிட்டு, ஊருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கிக்கொண்டிருந்த புருசனைப் போனில் அழைத்தாள்.

“இஞ்சருங்கோ, அந்தப் பாவி லேபல் எல்லாத்தையும் மாத்திப்போட்டான். மனுசி சரியான பேரைச் சொன்னாலும் பிழை எண்டுதான் வரும்.”

“நீர் வாயைத் திறவாதையும். அவன்ரை மேல பழி சொன்னால் ஆர் நம்புவினம்?” என்றான் றோபேட். “பேப்பரில என்ன கிடக்கோ அதையே மனுசியைச் சொல்லச் சொல்லும். உம்மடை பிறந்த நாளை மறந்துபோனீரே?”

மறக்கவில்லை. அவளைக் கூட்டி வந்த ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டில் பிறந்த மாதத்தைப் பிழையாக எழுதியிருந்தான். விசா கொடுக்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் ஒருமுறை, உண்மையைச் சொல்லுவோம் என்று அதைத் திருத்தப் போனாள். பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குவதற்கான அனுமதி, ஒரு வருசம் இழுபட்டது. அன்றிலிருந்து எந்தக் கவுண்டரில் கேட்டாலும் பேப்பரில் உள்ள மாதம்தான் அவள் பிறந்த மாதம். இந்த ஊரில் அவளை வாழ வைத்த புத்தி அது.

படுக்கையறையில் சிஞ்ஞோராவுக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிக்கொண்டே சொன்னாள்.

“லேபலெல்லாம் மாறிக் கிடக்கு, வெண்டீஸ் கோல்டில மேக்னெட் எண்டு நிக்குது. பூவைப் பாக்காதேங்கோ. லேபலில என்ன எழுதியிருக்கோ அதைச் சொல்லுங்கோ.”

“மாறியெல்லோ கிடக்கு எண்டுறாய்?”

“மாறிக் கிடந்தாலும்.”

“வெண்டீஸ் கோல்டைப் பாத்து மேக்னெட் எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?”

“இண்டைக்கு ஒருநாள். கும்பிட்டுக் கேக்கிறன்.”

சிஞ்ஞோரா அவளுடைய கன்னத்தைத் தொட்டார். “நீ எனக்குக் கெடுதல் சொல்லமாட்டாய்.”

பல்கணியில் கொராதோ கதவுநிலையில் சாய்ந்து நின்றான். சிஞ்ஞோரா முதற்சட்டியில் குனிந்தார். பழக்கத்தில் விரல் பூவின் தாடைக்குப் போனது. கண் மட்டும் லேபலுக்குப் போனது. பெயரைச் சொன்னார். அடுத்ததையும் அப்படியே.  டொக்டர் எழுதிக்கொண்டே வந்தார். மஞ்சள் முடிச்சுப் பூவை நிமிர்த்தினார். ஒருதரம் சறோஜாவைப் பார்த்தார்.

“மேக்னெட்,” என்றார்.

சறோஜா மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

டொக்டர் பேனாவை மூடினார். “சிஞ்ஞோரா, லேபலை மாத்தி வைக்கச் சொன்னது நான்தான். நீங்கள் வாசிக்கிறீங்களோ, பூவைப் பாக்கிறீங்களோ எண்டு எனக்குத் தெரிய வேணும்.”

கொராதோ சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் வந்து அத்தையின் தோளில் அன்பாகக் கைவைத்தான். 

“நான்தான் சொன்னனான்!” என்று சறோஜா கத்தினாள். “லேபலை வாசிக்கச் சொன்னது நான்! அவவுக்கு எல்லாம் தெரியும்!”

“உங்களுக்கு அவவில நல்ல பாசம்,” என்றார் டொக்டர் மெதுவாக. “மாறினதை நீங்கள் கண்டுபிடிச்சிருக்கிறீங்கள். அவ கண்டுபிடிச்சவவோ?”

“கேட்டுப் பாருங்கோ! இப்ப கேட்டுப் பாருங்கோ!”

டொக்டர் நியாயமானவர். லேபல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் கோட்டுப் பைக்குள் போட்டார். கைகாட்டி, “இது என்ன பூ?” என்றார்.

மஞ்சள் முடிச்சுப் பூ. சிஞ்ஞோரா அதை மறுபடி நிமிர்த்தினார். கீழே சந்தையில் மீன்காரன் கூவிக்கொண்டிருந்தான். அவர் பூவைப் பார்த்தார். வெறும் மண்ணைப் பார்த்தார். பெயர் உதடுவரை வந்த மாதிரி இருந்தது. சொல், சொல் என்று சறோஜா மனதுக்குள் கெஞ்சினாள். சிஞ்ஞோரா பூவை விட்டுவிட்டுத் திரும்பி, குழந்தை மாதிரி அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

“சறோஜா, இப்ப நான் என்ன சொல்ல வேணும்?”