கலவை இல்லாத சுவர்

கொத்தனார் ரசமட்டத்தைச் சுவர்மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

"பிரிச்சிடலாம்மா."

இது இரண்டாவது முறை. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறேன். நான்கு நாள் போய்விட்டது. நான்கு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு எழும்புகிறது, பிறகு படுத்துவிடுகிறது.

"எவ்வளவு தள்ளியிருக்கு?"

"அரை நூல்தான்."

இவருக்குப் பெயரே அரைநூல் கொத்தனார். என்ன தப்பு நடந்தாலும் அரை நூல்தான் என்பார். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அதிலும் பாதி. சாதாரணச் செங்கல் சுவரில் அது ஒரு விஷயமே இல்லை. அடுத்த வரிசைக்குக் கலவையைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வைத்தால் காணாமல் போய்விடும். ஆனால் இது இன்டர்லாக் கல். மேலே மேடு, கீழே பள்ளம். ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு போய் உட்கார வேண்டும். நடுவில் கலவை கிடையாது, தப்பை ஒளித்து வைக்க இடமும் கிடையாது. கீழ் வரிசையின் அரை நூல் ஆறாவது வரிசையில் மூன்று நூலாகிப் பல்லை இளிக்கும்.

இந்தக் கல்லைத் தேடிப் பிடித்தவர் என் கணவர். என் தம்பி குடும்பத்தோடு வெளிநாடு கிளம்புகிறான், அவனோடு இருக்கும் அம்மா இனி நம்மோடுதான் என்று நான் சொன்னபோது அவர் பத்திரிகையைக்கூட மடிக்கவில்லை. "வரட்டும்" என்றார். எங்கள் படுக்கையறைகள் மாடியில். அம்மாவால் படி ஏற முடியாது. பின்பக்கத்தில் ஓர் அறை கட்ட வேண்டும், இருபதாம் தேதிக்குள். விடுமுறை நாளில் அவரே போய் விசாரித்துவிட்டு வந்தார். "கலவையே வேண்டாம். அடுக்கிட்டே போக வேண்டியதுதான். பத்து நாள்ல ரூம் ரெடி." எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் அம்மாவுக்காக ஒரு மனிதர் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார்!

அதனால்தான் இரண்டாம் நாள் கொத்தனாரைக் கையும் களவுமாகப் பிடித்தபோது எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. நான் டீ எடுத்து வருவதற்குள் இரண்டு கல்லுக்கு நடுவில் கரண்டியால் ஓர் இழுப்பு இழுத்திருந்தார்.

"என்ன இது?"

"லைட்டாதாம்மா. கல்லு ஆடுச்சு."

"கலவை வைக்கக் கூடாதுன்னு எத்தன வாட்டி சொல்றது? வெச்சா மேல வர்ற கல்லு தூக்கிக்கும்."

"முப்பது வருஷக் கை. சும்மா இருக்க மாட்டேங்குது."

சித்தாள் அக்கா தலையில் கல்லோடு நின்றபடி சிரித்தாள். "அண்ணன் கட்டில்ல படுத்தாலும் கீழ ஒரு கரண்டி கலவை வெச்சாத்தாம்மா தூக்கமே வரும்."

"நீ கல்லை எறக்கு முதல்ல."

அன்று அத்தனையையும் பிரித்து, ஒட்டியிருந்ததைச் சுரண்டி, மறுபடி முதல் வரிசையிலிருந்து தொடங்கினோம். அதற்குப் பிறகு அவர் கையை விட்டு என் கண் நகரவில்லை. அந்தக் கை ஏன் எனக்கு அவ்வளவு எரிச்சலூட்டியது என்று யோசித்தேன். அது எனக்குப் பழக்கமான கை. கல்யாணமான பதினெட்டு வருடமாக நான் செய்வதும் அதைத்தான். அம்மாவிடம் போனில் "வாங்க அத்தை" என்று சொல்வதற்கு முன் என் கணவர் ஒரு நொடி தாமதித்தார். அந்த நொடி அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று நான் பக்கத்திலிருந்து சத்தமாகச் சிரித்தேன். சிரிக்க அங்கே எதுவும் இல்லை.

நான்காம் நாளும் பிரித்தோம். ஐந்தாம் நாள் கொத்தனார் முதல் வரிசைக்கே ஒரு காலைப் பொழுதைக் கொடுத்தார். மணல் துகள்கூட இல்லாமல் ஒவ்வொரு கல்லையும் துடைத்து வைத்தார். ஆறாம் நாள் காலை ஆறு வரிசையும் நேராக நின்றது. குமிழி நடுவில் அசையாமல் இருந்தது. நான்கூடச் சிரித்தேன்.

அப்போதுதான் சித்தாள் அக்கா ஜல்லியும் சிமெண்டும் கலப்பதைப் பார்த்தேன். மூலையில் நான்கு கம்பிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

"மறுபடியும் சிமெண்டா? நான் என்ன பைத்தியக்காரியா, இங்க நின்னு கத்திட்டிருக்கேன்?"

கொத்தனார் கையைத் துடைத்துக்கொண்டார். "கல்லுக்கு நடுவுல இல்லம்மா. மூலைக் கல்லோட ஓட்டைக்குள்ள. கம்பி விட்டு கான்கிரீட் ஊத்தணும். இல்லேன்னா கூரை ஏத்துனா சுவர் நிக்காது."

"யார் சொன்னா?"

"கல்லோட வந்த காகிதத்துலயே போட்டிருக்கு."

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். படத்தோடு இருந்தது. கலவை வேண்டாம் என்பது கல்லுக்கும் கல்லுக்கும் இடையில். மூலை ஓட்டைகளில் கட்டாயம் கம்பியும் கான்கிரீட்டும். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். நான் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்ததே இல்லை.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"சார் வேணாம்னாரு. எனக்கு மனசு கேக்கல. உள்ள ஒரு அம்மா படுக்கப்போற இடம்."

"ஏன் வேணாம்னாரு?"

அவர் சித்தாள் அக்காவைப் பார்த்தார். அவள் மண்வெட்டியைப் பார்த்தாள்.

"பின்னாடி பிரிக்கிற மாதிரி இருக்கணும்னாரும்மா. ரூம் தேவைப்படாதப்ப, கார் நிறுத்த இடம் வேணுமாம்."

ரூம் தேவைப்படாதப்ப. நான் அந்த இரண்டு சொற்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதிலும் கெட்ட வார்த்தை இல்லை. இந்த ஆறு நாளும் ஒரு துளி கலவை விழாமல் காவல் காத்தது யாருக்காக என்று மட்டும் இப்போது தெரிந்தது.

என் கணவருக்குப் போன் செய்தேன்.

"கொத்தனார் சொன்னார்."

ஒரு நொடி அமைதி. இந்த முறை நான் சிரிக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காத. கல்லு வீணாகக் கூடாதுன்னுதான். நாளைக்கு நமக்கும் இடம் வேணும்ல?"

"நாளைக்குன்னா எப்போ?"

"என்ன கேள்வி இது?"

"தேதி சொல்லுங்க. அம்மாகிட்ட சொல்லிடறேன். அதுக்குள்ள முடிச்சுக்கச் சொல்றேன்."

"நான் வர்றேன். எதையும் ஊத்தச் சொல்லாத."

கொத்தனார் கரண்டியோடு தயங்கி நின்றார். "சார்கிட்ட ஒரு வார்த்தை…"

"கேட்டாச்சு. ஊத்துங்க."

சித்தாள் அக்கா கான்கிரீட் நிரம்பிய முதல் பாண்டுச் சட்டியைத் தூக்கி என்னிடமே கொடுத்தாள். கனம் தோளை இழுத்தது. பாதி ஓட்டைக்குள்ளும் பாதி என் புடவையிலும் விழுந்தது. இன்னொரு கம்பியால் குத்தக் குத்தக் கான்கிரீட் களுக் களுக்கென்று இறங்கியது. எனக்கு வெற்றி பெற்ற மாதிரி எதுவும் தோன்றவில்லை. எரிச்சல் அப்படியே இருந்தது. சுவரை நிற்க வைத்துவிடலாம். அந்த ஒரு நொடியை என்ன செய்வது?

மூன்று மூலைகள் முடிந்தபோது அவர் வந்தார். ஆபீஸ் சட்டையோடு சுவரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு ஓட்டையாக எட்டிப் பார்த்தார். கடைசியில் கொத்தனாரிடம்தான் கேட்டார்.

"இப்ப கம்பிய உருவிடலாமா?"

"இப்பன்னா உருவலாம் சார். சாயங்காலத்துக்கு மேல நடக்காது."

அவர் கை கம்பிவரை போனது. பிறகு என்னைப் பார்த்தார். என் புடவையை, சிமெண்ட் அப்பிய என் கைகளை. என்னவோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தப்புதான் என்று, அல்லது உன் அம்மா இருக்கட்டும் என்று. அரை நூல் அளவுக்கு ஏதாவது.

"நாலாவது மூலைய மட்டும் விட்டு வைக்கலாமே," என்றார். "மூணு போதாதா?"

கொத்தனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பாண்டை எடுத்து நாலாவது ஓட்டைமேல் கவிழ்த்தேன். கெட்டியாக இருந்ததால் பாதியில் நின்றுகொண்டது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக் குத்தினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அது அடிவரை இறங்கும் வரைக்கும்.