பூவை யாரும் மந்து என்று சொல்லவில்லை

1

பூதானே, பூ என்ன செய்துவிடும்?

தாட்சாயணி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டே விழுங்கினாள். அந்த நினைப்பிலிருந்துதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. [‘கிடைத்தது’ அவ்வளவு சரியில்லை. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பெண்கள் பேசியது காதில் விழுந்தது. மிச்சம் நான் கட்டியது.]

2

முதல் தொடக்கம்: நகரியில் விசைத்தறிகள் இரைந்துகொண்டிருந்த ஒரு—

வேண்டாம். அவள் தறிக்காரர் வீட்டு மருமகள் என்பது போதும். விடிந்தால் எழுந்திருக்கவே தோன்றாமல் கிடந்தவள். திருப்பதி டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்த பிறகுதான் தலைவாரிக்கொள்ள மனசு வந்தது. மாமியார் செங்கம்மாவுக்கோ அந்த மாத்திரை அட்டையைக் கண்டாலே உடம்பு கூசும்.

“யாருனா பாத்தா பைத்தியம்னு பேர் கட்டிடுவாங்கடி.”

அமெரிக்காவுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருந்த தாட்சாயணியின் அண்ணன் மணிவேல் லீவில் வந்தான். கையில் ஒரு பாட்டில். லேபிளில் மஞ்சள் பூ. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று பெயர்.

“மனசு கஷ்டத்துக்கு அங்க கடையிலேயே விக்கிறாங்க, டாக்டர் சீட்டே வாணாம். வெறும் பூ, பாப்பா. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

டாக்டர் மாத்திரை, பூ மாத்திரை, அவள் இரண்டையும் சாப்பிட்டாள்.

3

[மணிவேலை வில்லனாக்கிப் பார்த்தேன். முடியவில்லை. உடையாமலிருக்கப் பாட்டிலைத் தன் சட்டைக்குள் சுற்றிக்கொண்டு வந்தவன்.]

இரண்டும் ஓர் உடம்பில் சேரக் கூடாதவை. சில நாளில் கைகால் உதறியது. வியர்த்துக் கொட்டியது, காய்ச்சல் அடித்தது, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. செங்கம்மா அவளைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனாள்.

“வேரே மந்து ஏமைனா தீசுகுண்டுந்தா?” என்று கேட்டார் டாக்டர்.

வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாளா என்கிறார்; தெலுங்கில் மந்து என்றால் மருந்து. சாராயத்துக்கும் அதே சொல்தான்.

“இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க! மந்து வாடையே ஆகாது எங்க வூட்டு பொம்பளைங்களுக்கு!” என்றாள் செங்கம்மா.

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்துவிட்டு, தாட்சாயணியைப் பார்த்தார்.

“லேது சார்,” என்று மறுத்தாள். மந்து என்பது டாக்டர் கொடுப்பது. பூவை யார் மந்து என்பார்கள்?

காய்ச்சலுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

4

முடிவு, ஒன்று: திரும்பும் பஸ் புத்தூரைத் தாண்டுவதற்குள் அவள்—

எழுத முடியவில்லை. என்றாலும் கதைக்குப் பொருந்துவது இதுதான்.

முடிவு, இரண்டு: பாட்டிலை டாக்டரிடம் காட்டுகிறாள், பிழைக்கிறாள். [இதை எழுதினால் நான் நிம்மதியாகத் தூங்கலாம். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.]

எனவே அவளை நகரி வீடுவரை உயிரோடு கொண்டுவந்தேன். சாவுக்கு இன்னும் ஒரு பூ மாத்திரை விழுங்கினால் போதும். செங்கம்மா தண்ணீரோடு நீட்டுகிறாள்.

“டாக்டர் மாத்திரைய தூக்கிப் போட்டுட்டு இதையே துன்னு. பூவுல இன்னா கெடுதி?”

நானும் மெல்லக் கேட்கிறேன்: போட்டுக்கொள், தாட்சாயணி. கதை முடியட்டும்.

அவள் உள்ளங்கையைப் பார்க்கிறாள். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மந்துக்குத்தானே வேளை சொல்வார்கள். பூவுக்கு எதற்கு வேளை?

உதறுகிற விரல்களால் மாத்திரையைப் பாட்டிலுக்குள் திரும்பப் போட்டு, மூடியைத் திருகி, திருப்பதிக்குக் கொண்டுபோன அதே பையில் வைக்கிறாள். காலை பஸ் வரை உடம்பு தாங்குமா? எனக்குத் தெரியாது, நீங்கள்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“வாணாம்,” என்கிறாள், அத்தையிடம் மட்டுமல்ல, என்னிடமும்.