தளபதிக்கு மகன் கிடையாது

ஆறு சோழியும் குப்புற விழுந்தன.

"முடிந்தது தளபதியாரே. நீர் மாண்டீர்" என்று மரகதம் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னாள். டீத்தூள் பெட்டியின் அட்டையை வெட்டி, சிகரெட் ஈயத்தாள் ஒட்டிச் செய்த கிரீடம் அவள் தலையில் இருந்தது. கால்மேல் கால் வேறு. எதிரே தரையில் கடல்சூழ் நாட்டின் மாபெரும் தளபதி, அதாவது அவளுடைய மாமனார் சிவஞானம், சுவரில் சாய்ந்து, நெஞ்சை ஒரு கையால் பிடித்து, வாயை லேசாகத் திறந்து, அபாரமாகச் செத்திருந்தார்.

மரகதம் கைகூடத் தட்டினாள்.

சாவதில் அவரை அடித்துக்கொள்ள அந்தமான் தீவுகள் அத்தனையிலும் ஆள் கிடையாது. இரண்டு வருஷத்தில் பதினோரு தடவை செத்திருக்கிறார். அம்பு பட்டுச் செத்தார், விஷம் குடித்துச் செத்தார், ஒருமுறை முதலை விழுங்கிச் செத்தபோது அந்த முதலையாகவும் அவரே நடித்து அடுப்படிவரை ஊர்ந்து போனார். ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிஷம் பிணமாகக் கிடந்துவிட்டு ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து, டீ கிடைக்குமா என்று கேட்பார். குடித்து முடித்ததும் வேறொரு தளபதியாகப் பிறந்து வருவார்.

ஆகவே மரகதம் எழுந்து போய் டீ போட்டாள். மின்னி பே காலனியில் அன்று காலை பெய்த மழை சாதாரண மழை இல்லை. தகரக் கூரைமேல் லாரி லாரியாகச் சல்லி கொட்டுகிற மழை. பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் உதடுதான் அசையும். அவள் சர்க்கரை தாராளமாகப் போட்டு, ஆற்றிக் கொண்டுவந்து, அவர் கையருகே வைத்தாள்.

"தளபதியாரே, டீ."

கண் திறக்கவில்லை.

"இது பன்னிரண்டாவது தடவை. கொஞ்சம் அதிகமாகவே இழுக்கிறீர்."

டீயில் ஆடை படிந்தது. அப்புறம்தான் அவள் குனிந்து, "மாமா" என்று கூப்பிட்டுத் தோளைத் தொட்டாள். கடல்சூழ் நாட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்லியதே இல்லை.

மழையையும் மீறி அவள் போட்ட சத்தத்துக்கு, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சுசீலா நனைந்துகொண்டே ஓடிவந்தாள். தெலுங்குக்காரி. ஏழு வருஷப் பழக்கத்தில் தமிழும் வரும், அவசரத்தில் இந்தி முந்திக்கொள்ளும். மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள், கையைப் பிடித்துப் பார்த்தாள், பிறகு வாசலுக்குப் போய்த் தன் புருஷனிடம், ஹேடோ துறைமுகத்துக்குச் சைக்கிளில் போய் மரகதத்தின் புருஷன் பழனிசாமியைக் கூட்டிவரச் சொன்னாள். திரும்பி வந்தவள் மரகதத்தையே பார்த்தாள்.

"தலையில க்யா ஹை அது?"

மரகதத்தின் கை மேலே போனது. சுசீலாவே கிரீடத்தை எடுத்து, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பதில் அவள் ஓர் அறை கொடுத்திருக்கலாம் என்று மரகதத்துக்கு இருந்தது.

இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பித்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிவஞானம் வனத்துறையில் மரம் அளந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு மதியங்களில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பெஞ்சு போட்டு, பாதி தமிழும் பாதி இந்தியுமாகக் கதை சொல்லுவார். பெங்காலி, மலையாளி, தெலுங்கு என்று காலனியே கூடும். ஒரு கதை பதினாலு வாரம் ஓடும். அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு கதையின் நடுவில் அவருடைய ஒரே மகன் பழனிசாமி, துறைமுகத்தில் சரக்குச் சீட்டைச் சரிபார்க்கிற குமாஸ்தா, கூட்டத்தின் பின்னால் இருந்து எழுந்து நின்று, போன வாரம் தலை போனவன் இந்த வாரம் எப்படிக் குதிரை ஏறுகிறான் என்று கேட்டுவிட்டான். கெட்ட எண்ணமே இல்லை. தப்பான சீட்டைப் பார்த்தால் அவனுக்குப் பொறுக்காது. ஆனால் காலனி சிரித்த சிரிப்பில் எதிர்க்கரை மலையே குலுங்கியது.

சிவஞானம் பெஞ்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து அப்பனும் மகனும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில், ஒரே பாயில், முழங்கால் இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "அவருக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பான் இவன். "போதும்னு சொல்லும்மா" என்பார் அவர். நடுவில் மரகதம் தபால்காரியாக நின்றாள்.

கதையை அடைத்து வைக்க முடியுமா? ஆகஸ்டு மாதத்தில் கப்பல் வராமல் தீவே சோம்பிக் கிடந்த ஒரு வாரத்தில், அவர் கடற்கரையில் பொறுக்கிய ஆறு சோழிகளோடு வந்தார். இனி சொல்கிறவனும் இல்லை, கேட்கிறவனும் இல்லை, நீ ராணி, நான் தளபதி, நடப்பதைச் சோழி சொல்லட்டும், தப்பு என்று எவனும் கேட்க முடியாது என்றார். ஆறும் குப்புற விழுந்தால் சாவு. பழனிசாமி வேலைக்குப் போனதும் நாடு திறக்கும், அவன் சைக்கிள் மணி கேட்டால் மூடும். வீட்டில் மாமனார் முன்னால் உட்காராத மருமகள் அங்கே அவரைத் தரையில் உட்கார வைத்து மிரட்டினாள். அது எவ்வளவு ருசியாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கதைகளில் முந்நூறு பேர் செத்தாலும் கூட்டம் கடலை தின்பதை நிறுத்தியது கிடையாது. மரகதமும் தின்றவள்தான். ஆனால் மூன்றாம் தளபதி செத்த அன்று அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கதையென்றால் எவனோ தானாகச் செத்தான், இங்கே உருட்டின கை என்னுடையதல்லவா மாமா என்று கேட்டு அழுதாள். வனத்துறை ஓய்வூதியம் கையில் வந்த நாளில்கூட அவர் அப்படிப் பூரித்ததில்லை.

அவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறார். செத்தவன் வரக்கூடாது, இல்லாதவன் நுழையக்கூடாது. அவரைப் பார்த்து மறுபடியும் யாரும் சிரித்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் காவல்.

அந்தக் காவல்தான் இப்போது அவளுக்கே வினையானது. ஏனென்றால் இன்று காலை, ஆற்றைக் கடக்க வேண்டிய இடத்தில், தளபதி படகை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தார்.

"மூச்சு முட்டுதும்மா. மகனைக் கூப்பிடு" என்றார்.

"தளபதிக்கு மகன் கிடையாது. புதுசா ஆள் சேர்க்காதீர்" என்றாள் மகாராணி.

"இல்ல... கூப்பிடு."

"அப்படியானால் சோழி சொல்லட்டும்" என்று சொல்லி அவள் உருட்டினாள்.

பழனிசாமி வந்தபோது மழை விட்டிருந்தது. கால்சட்டையில் சைக்கிள் கிளிப்பு மாட்டியபடியே உள்ளே வந்தான். அதற்குள் அப்பாவைப் பாயில் கிடத்தி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சுசீலாவும் நாலைந்து பெண்களும் சுவரோரம் நின்றார்கள். அவன் அழவில்லை. மரகதத்தின் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"என்னைக் கேட்டாரா?"

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி தெரிந்ததுதான். சைக்கிளில் கால் மணி நேரம். ஏன் கூப்பிடவில்லை? அத்தனை பேர் முன்னால் அவள் என்ன சொல்லுவாள், கிரீடம் வைத்திருந்தேன் என்றா?

"தூக்கத்துலயே போயிட்டாருங்க. ஒண்ணும் சொல்லல."

சுசீலா தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ம். என்னை எதுக்குக் கேக்கப் போறாரு" என்றான் பழனிசாமி.

அதற்குமேல் வந்தவர்களுக்கெல்லாம் அவனே சொன்னான். தமிழர்களுக்குத் தூக்கத்துலயே போயிட்டாரு. மற்றவர்களுக்கு அதையே இந்தியில், நீந்த் மே சலே கயே. பஜாரிலிருந்து கோடித் துணியோடு வந்த அய்யூப் பாய், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதல் வரிசைக்காரர், அவன் தோளைப் பிடித்து, "நோவு இல்லாம போறதுக்கு நசீபு வேணும் தம்பி" என்றார். அந்தக் கதைக்குக் கால் முளைத்தது. தெருமுனைக்குப் போவதற்குள் சிவஞானம் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டுவதற்குள் கிழக்கே பார்த்துக் கைகூப்பினார். பெங்காலி வீடுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் கழுத்தில் துளசிமாலை வேறு விழுந்திருந்தது. எல்லாருக்கும் அதில் ஒரு திருப்தி. கேட்டவர்கள் எல்லாரும் தலையசைத்துவிட்டுப் பாக்கு மென்றார்கள். இல்லாத ஆட்களும் இல்லாத சாமான்களும் ஒவ்வொன்றாக உள்ளே நுழைவதை மரகதம் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். காவல்காரி வாயைத் திறக்க முடியவில்லை.

மூன்று மணிக்குக் குளிப்பாட்டினார்கள். பழனிசாமி அப்பாவுக்கு வேட்டி கட்டிவிட்டான். அது கணுக்காலுக்கு மேலேயே நின்றது. இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். பிறகு, வழக்கம்போல, தலையைத் தூக்காமல் சொன்னான்.

"மரகதம், அவருக்கு இந்த வேட்டி போதுமான்னு கேளு."

அய்யூப் பாய் ஜன்னலைப் பார்த்தார். சொன்னது என்னவென்று பழனிசாமிக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. கை வேட்டி நுனியிலேயே நின்றுவிட்டது. மரகதம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகைக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள், அவளுக்கு வந்தது சிரிப்பு.

மெயின்லேண்டில் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டில் செய்கிற படாக் மரத்தை, வனத்துறையில் கூட வேலை பார்த்தவர்கள் சைஸ் பார்த்துச் சிதைக்கு அடுக்கினார்களாம். அவர் அளந்த மரமாகவே இருக்கும் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். ஈரத்துக்குத் தீ பிடிக்க அரைமணி ஆனதாம். பெண்கள் போகவில்லை. மரகதம் வீட்டைக் கழுவிவிட்டாள். டீ டம்ளர் சுவரோரம் அப்படியே இருந்தது. அதைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தாள்.

இருட்டுவதற்கு முன்னால் பழனிசாமி திரும்பி வந்து, வாசலில் நிற்காமல் கொல்லைப்புறம் போனான். அங்கே நாலு தகரத்தை நட்டுக் குளிக்கிற இடம் கட்டியிருந்தது. தலைக்குமேல் திறப்பு. தகரத்துக்கு அந்தப் பக்கம் குவளை டிரம்மில் முங்கும் சத்தமும், தலையில் தண்ணீர் விழும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. மரகதம் துண்டை எடுத்துக்கொண்டு போய் இந்தப் பக்கம் நின்றாள். முகம் தெரியாத இடத்தில்தான் சொல்ல முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஏங்க."

"ம்."

"தூங்கல அவரு. உங்களைக் கேட்டாரு."

குவளை நின்றது.

அவள் சொன்னாள். நாட்டைச் சொன்னாள், ராணியைச் சொன்னாள், இரண்டு வருஷத்தைச் சொன்னாள். சைக்கிள் மணி கேட்டதும் நாற்காலியை விட்டுக் குதித்து இறங்கியதைச் சொன்னாள். தளபதிக்கு மகன் கிடையாது என்று தான் சொன்னதை அதே குரலில் சொல்ல முயன்று, முடியாமல், மெல்ல முணுமுணுத்தாள்.

"விளையாட்டுன்னு நெனச்சேன். உருட்டினேன். செத்துட்டீர்னு சொல்லிக் கை தட்டினேன். டீ போடப் போனேன்."

சோப்புத் தண்ணீர் தகரத்துக்கு அடியில் வழிந்து அவள் கால் விரல்களைத் தொட்டுக்கொண்டு போனது.

"அவர் வாயால சொன்னாரா, கூப்பிடுன்னு?"

"சொன்னாரு. ரெண்டு தரம்."

"பேர் சொல்லியா?"

அந்தப் பேரைச் சேர்ப்பதற்கு ஒரு நொடி போதும். யாரும் சோழி உருட்டிச் சரிபார்க்கப் போவதில்லை. அவனும் அதற்காகத்தான் காத்திருந்தான் என்பது தகரத்தின் வழியாகவே தெரிந்தது.

"இல்லீங்க. மகனைன்னுதான் சொன்னாரு."

அவன் மறுபடி குவளையை எடுக்கவில்லை. மரகதம் துண்டை மேலே தூக்கித் தகரத்தின்மீது போட்டு, இந்த நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கழித்து அந்தப் பக்க நுனியில் அவன் கை பட்டது. துண்டு இறுகியது. அவன் இழுக்கவில்லை. அவளும் விடவில்லை. டிரம்மிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.