தரையோடு போனவரும் சமையலறையோடு வந்தவரும்

2019ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. ஏவால்ட் கிர்ஃபெல் குடியேற வந்த வீட்டில் தரை இல்லை.

சுவர் இருந்தது, கூரை இருந்தது. கால் வைக்க வேண்டிய இடத்தில் வெறும் சிமெண்டும் காய்ந்த பசைத் தீற்றல்களுமே எஞ்சியிருந்தன. மரப்பலகைகள், சன்னல் திரைகள், விளக்குகள் யாவும் பெயர்க்கப்பட்டிருந்தன. ஆனால் அவர் எதிர்பாராத ஒன்று அங்கே இருந்தது: அடுப்பும் கழுவுதொட்டியும் அலமாரிகளுமாக ஒரு முழுச் சமையலறை. ஆகென் நகரத்துப் பழைய வீட்டிலிருந்து அவர் திருகாணி திருகாணியாகக் கழற்றிக் கொண்டுவந்த மற்றொரு சமையலறையோ வாசலில் வண்டியில் காத்திருந்தது.

"எங்க இறக்கட்டும் சார்?" என்றார் வண்டிக்காரர் ஹூப்.

"இறக்காதீங்க. இது கொள்ளை. போலீஸைக் கூப்பிடணும்."

"தரையைத் திருடிட்டு, பாத்திரம் கழுவுற மெஷினை விட்டுட்டுப் போற திருடனை நான் பாத்ததில்ல சார்."

முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகெனில் இலக்கணம் போதித்தவர் ஏவால்ட். ஓய்வுக்குப் பின், எல்லைக்கு அப்பால் ஐந்து கிலோமீட்டரிலுள்ள டச்சு ஊரான ஃபால்ஸில், ஒரு வீட்டுத் தரகரின் விளம்பரங்களை ஜெர்மனுக்கும் டச்சுக்கும் மாற்றித் தந்துவந்தார். அவர் வலது முழங்கால் நான்கு மாடி ஏற மறுத்தபோது, தாம் மொழிபெயர்த்த இந்தத் தரைத்தள வீட்டையே தேர்ந்தெடுத்தார். ஏவால்டுக்குப் பதிலாக வேறொருவர் குடிவந்தால்தான் ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பேன் என்றார் ஆகென் வீட்டுக்காரர். ஃபால்ஸ் வீட்டில் இருந்த நர்ஸ் ட்ரூடா ஹூபியர்ஸ் அதற்கு இசைந்தார். இன்று இருவரும் வீடு மாறுகிறார்கள்.

கைப்பேசி அலறியது. ஆகென் வீட்டிலிருந்து ட்ரூடாதான்.

"வாத்தியாரே! உங்க வீட்டுச் சமையலறை எங்க?"

"என் வண்டியில."

"வண்டியிலயா?"

"என் சொத்தும்மா அது. போறப்ப எடுத்துட்டுப் போறதுதானே முறை?"

"எந்த ஊரு முறை? சுவத்துல ரெண்டு குழாய் நீட்டிக்கிட்டு நிக்குது. குழாயைப் பொரிச்சுச் சாப்பிடவா?"

"முதல்ல என் தரை எங்கன்னு சொல்லுங்க!"

"உங்க தரையா? நான் போட்ட பலகை, என் வண்டியில இருக்கு. குடிவர்றவங்கதான் தரை கொண்டாரணும். வெறும் வீடுன்னு விளம்பரத்துலயே இருந்துச்சே!"

தரைகூட இல்லாத வீட்டைக் குறிக்கும் அந்த டச்சுச் சொல்லை 'மேசை நாற்காலி இல்லாத வீடு' என்று அழகிய ஜெர்மனில் எழுதியவர் ஏவால்டே. தம் ஆகென் வீட்டு விளம்பரத்திலிருந்து 'சமையலறை நீங்கலாக' என்பதை, ஜெர்மனியில் ஊரறிந்ததை எழுதுவது மிகைபடக் கூறல் என்று, சிவப்பு மையால் அடித்தவரும் அவரே.

"ரெண்டையும் மொழிபெயர்த்த மகான் யாரு வாத்தியாரே?"

ஹூப் வேண்டுமென்றே இருமினார்.

"சரி, எனக்கு இந்த வீடு வேணாம். மூணு மணிக்கு வீட்டுக்காரர்கிட்ட சாவியைத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றார் ட்ரூடா.

சாவி திரும்பினால் ஆகென் ஒப்பந்தம் மீண்டும் ஏவால்ட் தலையில் விழும். நான்கு மாடியும் அவர் முழங்காலில் விழும். எந்த மாணவனும் அவரிடம் கேட்டிராத சொற்கள் அப்போது வெளிவந்தன.

"தப்பு என்னோடது. கொஞ்சம் கேளுங்க. அங்க ஏற்கெனவே தரை இருக்கில்ல?"

"இருக்கு. ரெண்டு தரை, சமையலறை இல்ல."

"இங்க ரெண்டு சமையலறை, தரை இல்ல. உங்க பலகை இந்த வீட்டு அளவு. என் அலமாரி அந்தச் சுவத்து அளவு. ரெண்டு வண்டியையும் திருப்பிட்டா?"

மறுமுனையில் அடக்கமுடியாத சிரிப்பு. "சம்மதம். நாளைக்கு நானே வந்து பலகை போட்டுத் தர்றேன். ஆனா இங்க சமையலறையை நீங்கதான் வந்து பொருத்தித் தரணும். நாலு மாடி ஏறி."

"மறுபடி நாலு மாடியா!" என்று அலறியவர் ஹூப்.

பிற்பகலில் எழுபத்தெட்டுப் படிகளை ஏவால்ட் ஏறினார். ட்ரூடா மேலே நின்று உரக்க எண்ணினார். அறுபதில் வேண்டுமென்றே பிசகி, "ஐயோ, மறந்துட்டேன், கீழேருந்து வாங்க" என்றார். கடைசித் திருகாணி முறுகியதும், ட்ரூடா அந்தச் சமையல் மேடையிலேயே செர்ரிப் பழ கேக்கை வெட்டி அவர் முன் வைத்தார்.

"சாப்பிடுங்க வாத்தியாரே. தட்டை மட்டும் கழற்றிட்டுப் போயிடாதீங்க."

ஏவால்ட் வாய் நிறையக் கேக்குடன், தம் குறிப்பேட்டில் 'குன்றக் கூறல்: சொல்ல வேண்டியதை விட்டுவிடும் குற்றம்' என்று எழுதி, அதன்கீழ் தம் பெயரையே எழுதி, இருமுறை அடிக்கோடிட்டார்.

ஆகவே, வீட்டு விளம்பரம் எழுதுகின்றவரே, அதை வேறு மொழிக்கு மாற்றுகின்றவரே, அறைகளைப் பிறகு எண்ணுங்கள்: போகின்றவர் எவற்றைக் கழற்றிக்கொண்டு போவார் என்பதை முதல் வரியிலேயே, முற்றுப்புள்ளி வைத்து, எழுதுங்கள்.