யார் படித்தாலும் புரியும்படி

சேலத்திலேயே வேலை கிடைத்ததைக் கௌசியா பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தாள். பக்கவாதம் வந்து அம்மாபேட்டை வீட்டில் படுத்துவிட்ட அத்தாவுக்குப் பெற்ற மகள் அவளை விட்டால் ஆளில்லை. மத்தியானம் ஓடிப்போய்க் கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்துவிடலாம். வெப்சைட் செய்கிற வேலை இந்த ஊரில் வேறெங்கே இருக்கிறது? இது போனால் பெங்களூருதான். அத்தாவைத் தூக்கிக்கொண்டா போவது?

அதனால் வேலையில் உயிரைக் கொடுத்தாள். அதோடு நின்றிருக்கலாம். எந்தச் சிக்கலைத் தீர்த்தாலும் அதற்கான கோட் வரிகளையும், ஏன் அப்படி எழுதினாள் என்பதையும் ஆபீஸ் குரூப்பில் போட்டுவிடுவாள். ஜவுளிக்கடை சைட்டில் பணம் கட்டும் பக்கம் நின்றுபோனால் என்ன செய்வது, சர்வர் படுத்துக்கொண்டால் எதை முதலில் பார்ப்பது, எல்லாம் பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல இருக்கும். அடியில் நாலு பேர் இதயம் போடுவார்கள். அதைப் பார்த்து உச்சி குளிர்ந்துபோவாள், மடச்சி.

பக்கத்து நாற்காலி தனசேகர் இதுவரை ஒரு வரி பகிர்ந்ததில்லை. அவன் எழுதியதை அவனைத் தவிர யாராலும் தொட முடியாது. கேட்டால் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிடுவான். அவனை நினைத்துக் கௌசியா பரிதாபப்பட்டாள்.

முதலாளி ஜெயபிரகாஷ் ஒருநாள் அவளுடைய குறிப்புகளை வாயாரப் புகழ்ந்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துத் தரச் சொன்னார். டீம் லீடராக்கப் போகிறார் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டு தொகுத்தாள். அது முடிந்த கையோடு எடப்பாடியிலிருந்து ரஞ்சிதா வந்து சேர்ந்தாள். காலேஜ் முடித்த பெண், பாதிச் சம்பளம். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, தொகுப்பைப் படித்தே, படுத்துக்கொண்ட சர்வரை எழுப்பிவிட்டாள். அன்று கஞ்சி ஊட்டும்போது கௌசியா அதை அத்தாவிடம் பெருமையாகச் சொன்னாள்.

சாயந்திரம் ஜெயபிரகாஷ் கூப்பிட்டார். "ஏனுங்க கௌசியா, நீங்க எழுதி வெச்சது அத்தனை தெளிவா இருக்குதுங்க. யாரு படிச்சாலும் புரியுது. அப்பறம் ரெண்டு பேரு எதுக்குங்க?"

தனசேகரை அனுப்பினால் பாதி சைட் நின்றுபோகும், அவனை ஒன்றும் செய்ய முடியாது என்று வருத்தப்பட்டார். டீ கூட வரவழைத்தார். அவள் அத்தாவின் நிலைமையைச் சொல்லிப் பார்த்தாள். பெங்களூரில் நல்ல சம்பளம் கிடைக்கும், அத்தாவுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றார்.

போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. சர்வரிலிருந்து அவளுடைய அனுமதியை நீக்க வேண்டும். எப்படி என்று தனசேகருக்கும் தெரியவில்லை. அதற்கும் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் ஜெயபிரகாஷ்.

கௌசியா உட்கார்ந்தாள். ஒரு வரியை மாற்றி எழுதினால் ஆபீஸ் மொத்தமும் சர்வருக்கு வெளியே நிற்கும். ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் மனசு வரவில்லை. எழுதியதைத் திரும்பப் படித்து, குழப்பமாகத் தெரிந்த ஓர் இடத்தைத் திருத்தவும் செய்தாள்.

குரூப்பில் வந்த குறிப்பைப் பார்த்து ரஞ்சிதா வரிவரியாக அடித்தாள். கௌசியாவின் திரை அவளை வெளியே தள்ளியது.

"அக்கா, மொதத் தடவையிலயே வந்துருச்சுங்க" என்று முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள் ரஞ்சிதா.

கௌசியா போனைப் பார்த்தாள். குறிப்புக்கு அடியில், முதல்முறையாகத் தனசேகர் ஓர் இதயம் போட்டிருந்தான். ஒரு நொடி அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மத்தியானம் பெருமையடித்த அதே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது அத்தாவிடம் பெங்களூரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.