அஞ்சுக்குக் கீழே

"ஒண்ணுன்னு எழுதி அனுப்புங்க கிளெனிஸ். பேரா கேட்டிருக்கான்? எண்ணிக்கைதானே?"

"அதுக்கு அந்தப் பிள்ளையை நீங்களே வாசல்ல கொண்டு போய் நிறுத்திடலாம் சார். தபால் செலவாவது மிச்சம்."

இங்கிலாந்துல கிரிம்ஸ்பி துறைமுகத்துக்குப் பின்னாடி இருக்கற ஆரம்பப் பள்ளியில, தலைமையாசிரியர் பிக்கர்ஸ்கில்லும் ஆபீஸ் கிளார்க் கிளெனிஸும் இப்படி மல்லுக்கட்டினது ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கக்கிழமை மூணாம் வகுப்புல ஒரு பொண்ணு நாலு பொண்ணா வந்து உக்காந்துச்சு.

சண்டைக்குக் காரணம் ஒரு தகவல் கேட்கும் மனு. செப்டம்பருக்கு அப்புறம் ஸ்டோக் ஊர்லேர்ந்து வந்து மூணாம் வகுப்புல சேர்ந்த பொண்ணுங்க எத்தனை பேர்? யார் வேணா கேக்கலாம், எதுக்குன்னு திருப்பிக் கேக்கக் கூடாது, இருபது பள்ளி நாளுக்குள்ள பதில் போகணும். நல்ல சட்டம்தான், குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா மனுவுக்குக் கீழ இருந்த பேரு கிளெனிஸுக்குத் தெரிஞ்ச பேரு. மீன் பேக்டரில வேலை பாக்கற ஒருத்தி, கண்ணுக்குக் கீழ காயத்தோட பொண்ணைச் சேர்க்க வந்தப்போ, இந்த ஆளுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போன பேரு. புருஷன் பேரு.

எண்ணிக்கை ரொம்பக் கம்மியா இருந்தா ஆளை அடையாளம் கண்டுடுவாங்கன்னு, நம்பருக்குப் பதிலா "அஞ்சுக்குக் கீழே"ன்னு போடறது பள்ளிக்கூட ஆபீஸ் வழக்கம். கிளெனிஸ் அப்படியே போட்டு அனுப்பிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போனாங்க. அந்த ஆளு நாப்பது பள்ளிக்கு எழுதியிருந்தது அவங்களுக்குத் தெரியாது. முப்பத்தொம்பது பள்ளி "யாரும் இல்லை"ன்னு பதில் போட்டிருந்துச்சு. மறைச்ச இடம் ஒண்ணே ஒண்ணுதான், அதுவே காட்டிக் கொடுத்துடுச்சு.

திங்கக்கிழமை டீச்சர் வருகைப் பதிவு எடுத்தப்போ நாலு பொண்ணும் "இருக்கேன் மிஸ்"னுச்சு. ஒரே முகம், ஒரே மஞ்சள் மழைக்கோட்டு. விழுந்த பல்லு மட்டும் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. மதியச் சாப்பாட்டுக்கு மூணு தட்டு கூடச் சொல்லி அனுப்பினாங்க.

மூணேகாலுக்குப் பள்ளி விடறப்போ அந்தப் புருஷன் கேட்டுல நின்னான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். நாலும் திரும்பிப் பார்த்துச்சு.

கிளெனிஸ் அவன் பக்கத்துல போய்க் கேட்டாங்க: "உங்க பொண்ணுக்கு எந்தப் பல்லுங்க விழுந்துச்சு?"

அவன் நாலு வாயையும் மாறி மாறிப் பார்த்தான். தெரியலை. பிக்கர்ஸ்கில் வந்து கேட்டைச் சாத்தினார். மழை புடிச்சுச்சு. அவன் ஸ்டேஷன் பக்கம் நடந்து போனான்.

அம்மாக்காரி மீன் வாசத்தோட ஓடி வந்தா. தன் பொண்ணு எதுன்னு அவளுக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு. ஆனாலும் நாலு பேரையும்தான் கூட்டிட்டுப் போனா.

ஏழு வருஷம் ஆச்சு. அவன் திரும்ப வரலை. அந்த வீட்டுக் கொடியில நாலு கோட்டு காயுது, இப்ப பெரிய சைஸு. கோப்புல இருக்கற "அஞ்சுக்குக் கீழே"ங்கற பதிலும் இன்னிக்கு வரைக்கும் சரியாத்தான் இருக்கு.

உங்க ஊர்ப் பள்ளியில இப்படி நடந்திருந்தா கீழ எழுதுங்க. கிளெனிஸ் ரிட்டயர் ஆகி வீட்டுலதான் இருக்காங்க, ஒவ்வொண்ணா படிக்கறாங்க. பிள்ளை பேரை மட்டும் போட்டுடாதீங்க.